தேய்மானமா, அச்சுப் பிழையா?



சென்ற மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, தில்லியில் தமிழன்பர்கள் சிலர் கூடியிருந்த இடத்துக்கு ஓர் இளைஞர் வந்து சேர்ந்தார். கரோல் பாக் வட்டாரத்தில் ஓர் உணவு விடுதியில் பணி புரிபவர். ஊர் தஞ்சைப் பக்கம். திருநீற்றுப் பொட்டலம் போல மடித்திருந்த காகிதம் ஒன்றைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து நம்முன் விரித்தார். உள்ளே ஓர் ஐந்து ரூபாய் நாணயம் இருந்தது.

"ஐயா, இதில் வருஷத்தின் கடைசி எண் இல்லை, பாருங்கள். நாணயச் சாலையிலேயே நேர்ந்த பிழையாம். நான்கு லட்ச ரூபாய்க்கு எடுத்துக்கொள்கிறோம் என்கிறார்கள். பதிவுக் கட்டணம் அனுப்பிவிட்டேன். இப்போது வரி என்று இன்னொரு தொகை கேட்கிறார்கள். அனுப்பலாமா?" என்றார்.

"அனுப்ப வேண்டாம், தம்பி" என்று சொல்வதற்கு அந்த நாணயத்தைக் கையில் எடுத்துப் பார்க்கவே தேவையில்லை. ஒரு பொருளை வாங்க வருகிறவன் விற்பவனிடம் பணம் கேட்பது எந்தச் சந்தையிலும் கிடையாது. பழைய நாணயங்களையும் நோட்டுகளையும் வாங்கி விற்பதாகச் சொல்லி, ரிசர்வ் வங்கியின் பெயரையும் சின்னத்தையும் காட்டிக் கட்டணமும் வரியும் பறிக்கும் கூட்டத்தைப் பற்றி, அவ்வங்கியே 2021 ஆகஸ்டு 4-ஆம் நாள் பொதுமக்களை எச்சரித்திருக்கிறது. தான் அத்தகைய வாணிகம் எதிலும் ஈடுபடவில்லை என்றும், எவருக்கும் அவ்வாறு கட்டணம் வாங்க அதிகாரம் தரவில்லை என்றும் அது தெளிவாகக் கூறிவிட்டது. வைஷ்ணவ தேவியின் உருவம் பொறித்து 2012-இல் வெளிவந்த ஐந்து ரூபாய், பத்து ரூபாய் நாணயங்களைக் காட்டி இதே ஆசை விதைக்கப்பட்டதை வடநாட்டில் வாழும் நேயர்கள் பலர் கண்டிருப்பீர்கள்.

ஆனால் அந்த இளைஞரின் கேள்விக்குள் இன்னொரு கேள்வியும் இருந்தது. அந்த எண் நாணயச் சாலையில் பதியாமல் போனதா, அல்லது பதிந்த பிறகு அழிந்ததா? இதைத் தாமே அறிந்துகொள்ளும் வழி தெரிந்திருந்தால், அவர் அந்த முதல் தொகையையும் அனுப்பியிருக்க மாட்டார். அந்த வழியைத்தான் இன்று நேயர்களுடன் பேச விரும்புகிறோம்.

தமிழ்நாட்டில் இன்று நாணயச் சாலை இல்லை. சென்னையில் தங்கசாலை என்று ஒரு தெருவின் பெயர் மட்டும் நிலைத்திருக்கிறது. இந்திய அரசின் நாணயச் சாலைகள் நான்கும் மும்பை, கொல்கத்தா, ஐதராபாத், நொய்டா ஆகிய இடங்களில் உள்ளன. நேயர்களாகிய நீங்கள் குடியேறி வாழும் நகரங்களே அவை. கொல்கத்தாவில் லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காய் வாங்கும் தமிழருக்கு அலிப்பூர்ச் சாலை அதிகத் தொலைவில் இல்லை. அது 1952-இல் திறக்கப்பட்டது. மாட்டுங்காவிலிருந்து நாள்தோறும் கோட்டைப் பகுதிக்கு வேலைக்குப் போகிறவர் மும்பைச் சாலையின் அருகே நடந்திருப்பார். நொய்டாவில் 1988-இல் பணி தொடங்கியது. ஊரில் இருக்கும் நம் உறவினரைவிட நாம்தான் நாணயம் பிறக்கும் இடத்துக்கு அண்டையில் வாழ்கிறோம்.

எந்தச் சாலையில் பிறந்தது என்பதை நாணயமே சொல்லும். ஆண்டு எண்ணுக்குக் கீழே பாருங்கள். சாய்சதுரம் போன்ற சிறு குறி இருந்தால் மும்பை. ஐந்து முனை நட்சத்திரம் இருந்தால் ஐதராபாத். உருண்டைப் புள்ளி இருந்தால் நொய்டா. ஒரு குறியும் இல்லையென்றால் கொல்கத்தா. இந்தக் கடைசிச் செய்தி தெரியாததனால் ஏமாந்தவர்கள் உண்டு. "குறியே விழாத பிழை நாணயம்" என்று சொல்லி விற்பார்கள். அது பிழையன்று, கொல்கத்தா நாணயத்தின் இயல்பு.

இனி, நாணயம் எப்படி உருவாகிறது என்பதைச் சிறிது மனக்கண்ணில் காண்போம். நீண்ட உலோகத் தகட்டிலிருந்து வட்டமான வில்லைகள் வெட்டப்படுகின்றன. எஃகு வில்லைகள் நம் சேலம் உருக்காலையிலும் வெட்டப்பட்டதுண்டு என்பது இங்கே இடையில் சொல்லத் தக்க செய்தி. வெட்டிய வில்லையைச் சூடாக்கி மென்மைப்படுத்துகிறார்கள். அமிலத்தில் தோய்த்துத் துலக்குகிறார்கள். அதன் ஓரத்தை உருளைகளுக்கிடையே அழுத்தி விளிம்பு எழுப்புகிறார்கள். பிறகு அந்த வில்லை ஓர் இரும்பு வளையத்துக்குள் அமர்கிறது. கீழே ஓர் அச்சு, மேலே ஓர் அச்சு. பல டன் அழுத்தத்தோடு இரண்டும் சந்திக்கும் அந்த நொடியில், திடமான உலோகம் குழைந்த மாவு போல ஓடி அச்சின் பள்ளங்களை நிரப்புகிறது. அச்சில் பள்ளமாக இருப்பது நாணயத்தில் மேடாகிறது. சுற்றியிருக்கும் வளையம் உலோகத்தை வெளியே வழியாமல் தடுத்து வட்டத்தைக் காக்கிறது.

அந்த ஒரு நொடியே நமக்கு எல்லைக்கோடு. நாணயத்தில் காணும் எந்தக் குறையையும் நோக்கி நாம் கேட்க வேண்டியது இது ஒன்றே: இது அச்சு விழுவதற்கு முன்போ விழும்போதோ வந்ததா, விழுந்த பிறகு வந்ததா? முன்னதாயின் அது பிழை. பின்னதாயின் தேய்மானம் அல்லது சிதைவு. உலோகம் ஓடியதன் சுவடு முன்னதில் இருக்கும்; உலோகம் சுரண்டப்பட்டதன் சுவடு பின்னதில் இருக்கும்.

எளிய சோதனை விரல் நகத்தால் செய்வது. நாணயத்தின் மேல் ஒரு கோடு தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். நகத்தை மெல்ல அதன் குறுக்கே நகர்த்துங்கள். நகம் மேட்டில் ஏறி இறங்கினால் அது பெரும்பாலும் அச்சு விரிசல். பல லட்சம் தடவை அடிவாங்கிய அச்சு ஒரு நாள் விரிசல் காண்கிறது. அந்த விரிசலுக்குள் உலோகம் ஓடிப் புகுந்து, நாணயத்தில் மெல்லிய நரம்பு போல எழுந்து நிற்கிறது. அத்தகைய கோடு விளிம்பில் தொடங்கி எழுத்துகளுக்கு ஊடே ஆற்றின் வரைபடம் போல வளைந்து செல்லும். அச்சின் ஓரத்தில் ஒரு துண்டே உடைந்து விழுந்துவிட்டால், நாணயத்தில் அவ்விடம் உருவம் எதுவும் இன்றிக் கொழுக்கட்டை போல மொத்தையாகப் புடைத்திருக்கும். மேடான உலோகத்தை நாணயத்தின் மேல் பின்னால் எவரும் எளிதில் சேர்க்க முடியாது. ஆகவே இவ்வகைப் பிழையை ஓரளவு நம்பலாம்.

நகம் பள்ளத்தில் விழுந்தால் அது கீறல். சாவிக் கொத்தோடு பையில் கிடந்ததோ, குக்கர்ப் பிடியின் திருகாணியைத் திருப்பியதோ காரணமாகலாம். கீறலின் இரு கரையிலும் உழுத சாலின் ஓரம் போல உலோகம் சற்றே ஒதுங்கி எழுந்திருப்பதைப் பூதக்கண்ணாடியில் காணலாம். இதற்கு ஒரு விலக்கும் உண்டு. வில்லைக்கும் அச்சுக்கும் இடையே நூலோ கம்பித் துணுக்கோ சிக்கிக்கொண்டால் அதன் வடிவம் பள்ளமாகப் பதிந்துவிடும். அந்தப் பள்ளத்தின் கரைகளில் உலோகம் ஒதுங்கியிருக்காது. அடித்தளம் வழவழப்பாக இருக்கும். நூலின் முறுக்கு வரைக்கும் பதிந்திருப்பதும் உண்டு.

எழுத்தோ எண்ணோ காணாமற் போனதற்கு வருவோம். ஏமாற்றுவோர் மிகுதியாகப் பயன்படுத்துவது இதைத்தான். உண்மையிலேயே ஐயம் எழுவதும் இதில்தான்.

தேய்மானத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. அது மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கும். சிங்க முத்திரையில் முன்னால் நிற்கும் சிங்கத்தின் மார்பும் முகமும் முதலில் மழுங்கும். பிடரி மயிரின் வரிகள் கலங்கும். பிறகுதான் எழுத்துகளின் தலை தேயும். விளிம்பின் அணைப்பில் இருக்கும் தாழ்ந்த தளம் கடைசியில்தான் மாறும். நம் கட்டைவிரல் ஓர் எண்ணை மட்டும் தேர்ந்தெடுத்துத் தேய்ப்பதில்லை. பல ஆண்டுகள் கைமாறித் தேய்ந்த நாணயத்தில் நான்கு இலக்கங்களும் ஏறக்குறைய ஒன்றுபோல மங்கியிருக்கும்.

அச்சு அடைபட்டதனால் வரும் பிழை வேறு மாதிரியானது. இயந்திரத்தின் எண்ணெய்ப் பசையும் உலோகத் துகளும் கலந்து அச்சின் பள்ளம் ஒன்றில் இறுகிக்கொள்ளும். அந்தப் பள்ளத்துக்குள் உலோகம் ஏற முடியாது. ஆகவே அந்த ஓர் எண் எழும்பாது, அல்லது நிழல் போல எழும்பும். ஆனால் அதை அடுத்த எண் கூர்மையாக நிற்கும். எண் இருக்க வேண்டிய இடத்தில் தளம் சுற்றுப்புறத்தோடு சமமாக, அதே மினுமினுப்போடு இருக்கும். பள்ளமும் இராது, சுரண்டிய வரியும் இராது. மாறாக, அரத்தாலோ கல்லாலோ தேய்த்து அழித்த எண்ணின் இடத்தில் தளம் சற்றே தாழ்ந்திருக்கும். ஒரே திசையில் ஓடும் நுண்ணிய கோடுகள் தெரியும். அருகில் உள்ள விளிம்பும் பெரும்பாலும் தட்டையாகியிருக்கும். இதைக் காண நேர் வெளிச்சம் உதவாது. விளக்கு ஒன்றைப் பக்கவாட்டில் தாழ்வாக வைத்து, நாணயத்தை மெல்லச் சுழற்றிப் பாருங்கள். நகை வேலை செய்பவர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் கண்ணாடி கிடைத்தால் நன்று. கைப்பேசியின் படக்கருவியும் இன்று அந்த வேலையைச் செய்துவிடும்.

இதனால்தான், ஐயத்துக்குரிய நாணயம் கிடைத்தால் அதைத் துலக்காதீர்கள் என்று வற்புறுத்துகிறோம். குத்துவிளக்குக்குப் புளி போட்ட கை, ஐந்து ரூபாய்ப் பித்தளையைக் கண்டதும் துருதுருக்கத்தான் செய்யும். ஆனால் அச்சு விழுந்தபோது உண்டான அந்த மினுமினுப்பே நமக்குச் சாட்சி. புளியும் எலுமிச்சையும் அந்தச் சாட்சியைக் கலைத்துவிடும்.

ஓரம் வெட்டுப்பட்ட நாணயத்தில் ஓர் அழகான சோதனை இருக்கிறது. தகட்டில் முன்பே வெட்டிய துளையின் மேல் வெட்டுக்கருவி மறுபடியும் விழுந்தால், பிறை போலக் குறைந்த வில்லை வெளிவரும். அந்த வில்லை விளிம்பு எழுப்பும் உருளைகளுக்கிடையே சுழலும்போது, குறைந்த பக்கம் வரும் தருணத்தில் நேர் எதிர்ப்பக்கத்திலும் அழுத்தம் இராது. தாங்கிப் பிடிக்க மறுபுறம் உலோகம் இல்லையல்லவா? ஆகவே பிழை நாணயத்தில், வெட்டுக்கு நேர் எதிரே உள்ள விளிம்பு மெலிந்தோ மறைந்தோ இருக்கும். மேலும், வெட்டை ஒட்டிய எழுத்துகள் அந்தப் பக்கம் சரிந்து இழுபட்டிருக்கும். கத்தரியால் பின்னர் வெட்டிய நாணயத்தில் எதிர் விளிம்பு குறையின்றி நிற்கும். எழுத்து நடுவில் துண்டாக அறுபட்டிருக்கும். இந்தச் சோதனையை அறியாத போலி வேலைக்காரர்கள் அநேகர். அறிந்தவர்களும் எதிர் விளிம்பைத் திருத்த முனைந்து அகப்பட்டுக்கொள்வார்கள்.

சேகரிப்போர் வட்டாரத்தில் லக்கி என்று வழங்கும் பிழை ஒன்று உண்டு. அடித்து முடிந்த நாணயம் வெளியே போகாமல் அச்சோடு ஒட்டிக்கொள்ள, அடுத்த வில்லை அதன் மேல் அடிபடுகிறது. அதன் ஒரு பக்கம் வழக்கம்போல் அமையும். மறுபக்கத்தில் அதே உருவம் கண்ணாடியில் தெரிவது போல இடம் வலமாக மாறி, பள்ளமாகப் பதியும். இதைப் போலியாகச் செய்வதற்கு இரண்டு நாணயங்களைப் பட்டறைப் பிடியில் இறுக்கி நசுக்குகிறார்கள். அப்போதும் இடம் வலம் மாறிய எழுத்துகள் பள்ளமாகத் தோன்றும். ஆனால் அவற்றின் அடியில் நாணயத்தின் சொந்த உருவம் நசுங்கிய நிலையில் கிடக்கும். மெய்யான பிழையில் அப்படிப்பட்ட மிச்சம் இராது. அங்கே அந்த உருவம் முதலிலேயே பிறக்கவில்லை.

வளையம் சரியாக அமையாமல் அடிபட்ட நாணயம் சற்று அகன்று பரவியிருக்கும். தண்டவாளத்தில் வைத்து ரயில் ஏறிய நாணயமும் அகன்றிருக்கும். சிறுவயதில் அந்தக் குற்றத்தைச் செய்யாதவர் நம்மில் யார்? முன்னதில் உருவம் தன் இயல்பான அளவில் இருக்க, அதைச் சுற்றி வெறும் உலோகம் பரவியிருக்கும். பின்னதில் உருவமே சப்பாத்தி போல இழுபட்டு மங்கியிருக்கும். நாணயத்தை உருக்குவதும் அழிப்பதும் 2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி குற்றம் என்பதையும் நினைவில் வைக்கலாம்.

உருவம் இரட்டையாகத் தெரிவதும், ஒரு புறம் திரும்பியிருப்பதும் அடிக்கடி காணக் கூடியவை. பூவா தலையா என்று புரட்டும்போது நம் நாணயத்தில் இரு புறமும் நேராக நிற்க வேண்டும். புத்தகத்தின் ஏட்டைப் புரட்டுவது போலப் புரட்டிப் பாருங்கள். சிறிதளவு சாய்வு சாதாரணம். கால் வட்டம், அரை வட்டம் திரும்பியிருந்தால் எடுத்து வைக்கலாம். அமெரிக்க நாணயங்களில் தலைகீழாக இருப்பதே முறை என்பதையும் மறக்கக் கூடாது.

நிறத்தையும் உலோகத்தையும் கண்டு மயங்குவோர் அதிகம். 2007-ஐ ஒட்டிய சில ஆண்டுகளில் ஐந்து ரூபாய் எஃகிலேயே வெளிவந்தது. அது காந்தத்தில் ஒட்டும். இன்றைய பித்தளை நிற நாணயம் ஒட்டாது. எஃகு நாணயத்தைக் கண்டவர், ஒரு ரூபாய் வில்லையில் ஐந்து ரூபாய் அச்சு தவறி விழுந்தது என்று எண்ணிவிடுகிறார். 1992 முதல் வந்த எஃகு ஒரு ரூபாய்க்கும், 2011-இல் வந்த இரண்டு ரூபாய்க்கும் எடை ஒன்றே, 4.85 கிராம், குறுக்களவும் ஒன்றே, 25 மில்லிமீட்டர். கடைக்காரர்களுக்கு இதனால் நேர்ந்த தொல்லை சொல்லி முடியாது. இது அரசின் திட்டம், பிழையன்று.

யமுனையிலும் கங்கையிலும் பாலத்தின் மேல் ரயில் போகும்போது பயணிகள் காசு எறிவதைப் பார்த்திருப்பீர்கள். கயிற்றில் காந்தம் கட்டி ஆற்றில் இழுத்து அவற்றை எடுத்துப் பிழைப்போரும் உண்டு. மணலும் நீரும் அரித்த அந்தக் காசுகள் மறுபடியும் சந்தைக்கு வருகின்றன. மேலெல்லாம் அம்மைத் தழும்பு போலக் குழிகள். கோயில் உண்டியலில் எண்ணெயும் குங்குமமும் பட்டுக் கறுத்தவையும் அப்படியே. தீயில் அகப்பட்டுச் சிவந்தவையும் உண்டு. இவற்றை அபூர்வ உலோகம் என்று எவரேனும் சொன்னால், நகைக் கடைத் தராசில் வைத்துப் பாருங்கள். 2011 வரிசையில் ஒரு ரூபாய் 3.79 கிராம், ஐந்து ரூபாய் 6 கிராம், பத்து ரூபாய் 7.71 கிராம். 2019 வரிசையில் ஐந்து ரூபாய் 6.74 கிராம், பன்னிரண்டு பக்கம் கொண்ட இருபது ரூபாய் 8.54 கிராம். நிறம் மாறியும் எடை மாறாதிருந்தால், மேலே படிந்ததுதான் கதை.

பத்து ரூபாயைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். அதன் நடுவட்டமும் புறவளையமும் வேறு வேறு உலோகம். ஒரே அடியில் இரண்டும் இறுகுகின்றன. நடுவட்டம் கழன்று போன வளையம் பெரும்பாலும் சுத்தியலின் வேலை. நடுவட்டம் ஒருபுறம் ஒதுங்கி அமைந்திருந்து, உருவம் இரு உலோகத்தின் மேலும் தடையின்றித் தொடர்ந்து ஓடினால் மட்டும் அது சாலையில் நேர்ந்த பிழை. பதினைந்து கதிர் உள்ளது போலி, பத்துக் கதிர் உள்ளது மெய் என்று ஒரு வதந்தி நாடெங்கும் உலவியது. பதினான்கு வடிவங்களில் அது வெளிவந்திருப்பதாகவும், அனைத்தும் செல்லும் என்றும் ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிவித்தது. இருந்தும், விடுமுறைக்கு ஊருக்குப் போன நம்மவர்கள் பேருந்து நிலையத்துத் தேநீர்க் கடையில் பத்து ரூபாய் நாணயத்தை நீட்டி, திருப்பித் தரப்பட்டு நின்ற கதைகள் ஏராளம்.

கரோல் பாக் இளைஞரின் நாணயத்துக்குத் திரும்புவோம். விளக்கைச் சாய்த்து வைத்துப் பார்த்தோம். கடைசி எண் இருந்த இடம் லேசாகக் குழிந்திருந்தது. இணையான நுண்கோடுகள் தெரிந்தன. அருகில் விளிம்பும் தட்டை. மற்ற மூன்று எண்களும் தெளிவாகவே இருந்தன.

"இந்தக் காசு உங்கள் கைக்கு எப்படி வந்தது?" என்று கேட்டோம்.

சற்று யோசித்தார். "விடுதியில் மாவு கிரைண்டரின் கால் ஒன்று ஆடிக்கொண்டே இருக்கும், ஐயா. அதற்கு அடியில் யாரோ வைத்திருந்தார்கள். தரையைக் கழுவும்போது எடுத்தேன்" என்றார். சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே விளங்கிவிட்டது. கல் தரையின் மேல் நாள்தோறும் அதிர்ந்த கிரைண்டர் அந்த எண்ணைத் தேய்த்திருந்தது.

அனுப்பிய பணத்துக்காக 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அங்கிருந்தே அழைக்கச் செய்தோம். தாமதமின்றித் தெரிவித்தால் பணம் கைமாறுவதைத் தடுக்க வாய்ப்புண்டு. அவர் அனுப்பிப் பத்து நாளுக்கு மேலாகியிருந்தது. புகார் மட்டும் பதிவாயிற்று.

போகும் முன், பையிலிருந்த சில்லறையையும் மேசை மேல் கொட்டி, விளக்கின் கீழ் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். ஓர் இரண்டு ரூபாயில் விளிம்பிலிருந்து எழுத்து வரை மெல்லிய நரம்பு ஒன்று ஓடியது. நகத்தை வைத்தார், ஏறி இறங்கியது.

"இது என்ன பெறும், ஐயா?"

"சேகரிப்பவர் ஒருவர் ஆசைப்பட்டால் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஆகலாம். நாணயக் கண்காட்சி நடக்கும்போது நேரில் கொண்டுபோய்க் காட்டுங்கள்" என்றோம்.

அதை அதே காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டார். ஐந்து ரூபாயைத் தெருமுனையில் தேநீருக்குக் கொடுத்தார். கடைக்காரர் ஆண்டைப் பார்க்காமலே வாங்கிப் போட்டுக்கொண்டார்.